மத்தியானம் நடக்கும் தரை

முழங்கால் வலிக்குச் சிமெண்ட் தரை ஆகாது என்று, மாடி அறையில் மகன் எனக்காகப் பலகைத் தரை போட்டான். கண்மாய்க்கரையில் வெட்டிய தைலமரம். அறுத்தபோது இளஞ்சிவப்பு, எண்ணெய் பூசியதும் ஈரல் நிறமாகிவிட்டது. ஒரு பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆணி இறங்காமல் வளைந்தது. துளை போட்டுத்தான் திருகாணி முடுக்கினார் ஆசாரி. ஆறு மாதம் நிழலில் காயட்டும் என்று அவர் சொன்னதை மகன் கேட்கவில்லை.

பங்குனி வெயிலில், மத்தியானத்துக்கு மேல் சத்தம் ஆரம்பித்தது. அந்நேரம் வீட்டில் நான் மட்டும்தான். வாசலருகே ஒரு ‘டப்’. கொஞ்சம் பொறுத்து, அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. யாரோ நின்று நின்று என் கட்டிலை நோக்கி நடந்து வருவது போல. குனிந்து பார்த்தால் வெறும் தரை.

மருமகள் பட்டாசு கம்பெனியிலிருந்து திரும்புவதற்குள் அறை குளிர்ந்து, தரை ஊமையாகிவிடும். சொல்லக் கூச்சம். ஒருநாள் சொல்லிவிட்டேன்.

“ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டு வைங்க அத்தே” என்று சிரித்தாள்.

மகன் சிரிக்கவில்லை. விருதுநகரில் மண்டைக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார், திங்கட்கிழமை போவோம் என்றான். அதிலிருந்து எனக்கே என்மேல் பயம். அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன்.

சனிக்கிழமை கம்பெனி லீவு. மருமகள் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ‘டப்’. மறுநிமிஷம் அவள் தெருவில் நின்றாள். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்பது கம்பெனிப் பழக்கம். அவள் ஓடியதைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண்களும் ஓடி வந்துவிட்டார்கள்.

“எந்தப் பக்கம்டி வெடிச்சிருக்கு?”

“எங்க மாடியில!”

ஜன்னல் வழியாகக் கேட்டேன்: “உனக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு அத்தே, மொதல்ல கீழ எறங்குங்க!”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் ஆசாரி வந்தார். பலகைகளின் இடுக்கில் அவர் விரல்நகம் நுழைந்தது.

“பச்சை மரம்ல. மேக்கு வெயிலு வாசல்ல இருந்து உள்ள ஏற ஏற, ஒவ்வொண்ணா சுருங்கி வெடிக்குது. சுருங்கி முடியட்டும், அப்புறம் பேத்துப் போட்டுத் தாரேன்.”

மகன் தலையைக் குனிந்துகொண்டு, “திங்கக்கெழம போக வேணாம்மா” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் தானாக மேலே வந்து, காலைத் தூக்கி என் கட்டிலில் வைத்து உட்கார்ந்தாள். சத்தம் பலகை பலகையாக வந்தது. பக்கத்தில் வந்ததும் ஓய்ந்தது.

“போயிருச்சா அத்தே?” என்றாள் மெதுவாக.

“இல்ல தாயி. நிக்குது.”