துண்டைத் தோளில் போட்டுக்கொண்ட அண்ணாச்சி

சுந்தரபாண்டியத்தில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஞானராஜ் அண்ணாச்சியின் மனைவி ரோஸி மதினி. "அவிய போயிட்டாவ தம்பி. தூக்கத்துலயே." பாலை ஆளிடம் விட்டுவிட்டு ராஜபாளையத்துக்குக் கிளம்பினேன்.

ஞாயிறுதோறும் கண்மாய்க் காடுகளில் ஜீப் ஓட்டுகிற நம் கூட்டத்தில் அண்ணாச்சியை அறியாதவர் யார்? பெயிண்டுக் கடை நடத்தியவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு வண்டியோடு வந்து நிற்பார். சோழபுரத்தில் தொடங்கி மலையடிவாரம் வரை, கண்மாய் கண்மாயாகக் கரை மேலும் சேற்றிலும் நாம் ஓட்டுகிற பாதை அவர் நடந்து நடந்து கண்டுபிடித்ததுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவன் நான். முன்கோபி என்பதும் உங்களுக்குத் தெரியும். முதல் தடவை கரிசல் சேற்றில் சிக்கியதும் ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துத் தொலைத்தேன். சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "கோவாவ மட்டும் அம்புட்டு நேரம் நின்னு கிண்டுதீய. மண்ணுகிட்ட மட்டும் என்ன அவசரம்?" எரிச்சலாக வந்தது, சிரிப்பும் வந்தது. டயரில் காற்றைக் குறைத்து, ஃபோர் வீல் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தோம்.

தண்ணீரைக் கடக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒருவர் முதலில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். பிறகு எதிரே நின்று துண்டைக் காட்டி வழி சொல்ல வேண்டும். துண்டு ஆடினால் பிரேக். ஏன் என்று கேட்கக் கூடாது.

போன ஐப்பசியில் அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவியள ஓட்ட விட்ராதீய தம்பி. ஆனா ஓட்டக் கூடாதுன்னும் சொல்லிராதீய. மனசு ஒடைஞ்சு போவாவ." இது என்ன வம்பு என்று எனக்குள் புலம்பிக்கொண்டே அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கரைப் பாதையில் அவர் ஓட்ட, ஸ்டீயரிங்கில் அந்தக் கை ஆடுவதைப் பார்க்காததுபோல் வந்தேன்.

கடைசிக் கண்மாய் நிரம்பி, கலுங்கு வழியாக உபரித் தண்ணீர் பாதைக்குக் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. அவரே வண்டியை நிறுத்தினார். சாவியை என் பக்கம் நீட்டி, "நீங்க ஓட்டுங்க. நான் நடக்கேன்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த் துண்டைத் தூக்கினார். நான் வண்டியைத் தண்ணீரில் இறக்கினேன், பின்னால் இரண்டு வண்டிகள். நடுத் தண்ணீரில் துண்டு ஆடியது. பிரேக் போட்டேன். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். "ஏன் நிக்கிதீய, வாங்க" என்று கத்தினார் அண்ணாச்சி. மறுபடியும் துண்டு ஆடியது. அவர் ஆட்டவில்லை, கைதான் ஆடியது. எங்கள் எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது. வண்டி அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இந்த மனுஷனை இப்படி எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி தன் கையைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையப் பாக்காதீய. என் மூஞ்சியப் பாத்து வாங்க."

பின்னோக்கி நடந்தார். தாடையை இடப்பக்கம் அசைத்தால் இடம், வலப்பக்கம் அசைத்தால் வலம். ஒவ்வொரு வண்டியாகக் கரையேற்றினார். ஏறியதும் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "சாவி இனி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் வெளியே நாரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு அவர் வண்டியை மதினி என்னிடமே கொடுத்துவிட்டார். ஆனால் அவர் நினைவாக நான் மனதில் வைத்துக்கொண்டது அதை அல்ல. தண்ணீரில் பின்னோக்கி நடந்த அந்த முகத்தில் வெட்கம் துளிகூட இல்லை. எனக்கும் கை நடுங்கும் காலம் வரும். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்துக்கொள்வேன்.