பிலோமினா டீச்சருக்கு எந்த லென்ஸ்?

லென்ஸ் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கடைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் தோளில் தொங்கும் பையைத்தான் பார்ப்போம், பிறகுதான் ஆளை. பை புதிதாக இருந்தால் கேள்வி கேட்க வந்தவர், நைந்திருந்தால் நமக்குப் பாடம் எடுக்க வந்தவர்.

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம், துணிக்கடைக்கு மேலே ஒரு மாடியில் என் கடை. கேமராவும் லென்ஸும் வாடகைக்குக் கொடுக்கிறேன். பூசணம் பிடித்த கண்ணாடிகளைப் பிரித்துத் துடைத்துத் தர ஜமால் பாய் இருக்கிறார். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர்கள் வருவார்கள், வேண்டியதைக் கேட்பார்கள், போய்விடுவார்கள். என் ஆர்வமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் மேல்தான். ஒருவர் ஏன் இந்த லென்ஸைக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்து, போன இடமெல்லாம் "கொஞ்சம் நில்லு, வெளிச்சம் சரியில்ல" என்று உங்களை வெயிலில் காயப் போட்டிருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு மாடி

சேவியர் சார் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். வீடு பாலக்கரையில். விடிந்தும் விடியாமலும் கொள்ளிடக் கரையில் போய் நின்று மீன்கொத்தி எடுப்பார். அவருடைய பறவை லென்ஸை முழங்காலில் நிறுத்தி வைத்தால் இன்னொரு முழங்கால் மாதிரி இருக்கும். அவருக்கு அந்த வருஷம் திருமண வெள்ளி விழா வந்தது. கோயிலில் நன்றித் திருப்பலி, பிறகு விருந்து. அழைப்பிதழில் மேலே அன்றைய கல்யாணப் படமும், கீழே இருவரின் இன்றைய படங்களும் போட வேண்டும். அது அவர்கள் பக்கத்து வழக்கம். சாருடைய படம் தயார். கூடப் பறவை பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்து வைத்திருந்தார்கள். அவர் மனைவி பிலோமினா டீச்சருக்குத்தான் ஒரு படம்கூட இல்லை. "ஸ்டுடியோவுக்குப் போயிடலாமே" என்று டீச்சர் சொன்னதற்கு, "வீட்டுல இவ்வளவு கேமராவை வச்சுக்கிட்டு ஸ்டுடியோவா? ஊர் சிரிக்கும்" என்று இவர் சபதம் போட்டுவிட்டார்.

முதல் முயற்சி அந்தப் பறவை லென்ஸிலேயே நடந்தது. அதற்குக் கிட்டே இருப்பது தெளியாது, தள்ளிப் போக வேண்டும். அவர்கள் வீட்டு மாடி அதற்குப் போதவில்லை. சார் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்க் கேமரா முக்காலியை நாட்டி, அங்கிருந்து செல்போனில் கூப்பிட்டு, "இப்ப சிரி, கொஞ்சம் இடது பக்கம், இப்ப சிரி" என்று சொல்லியிருக்கிறார். படத்தை என் மேஜையில் வைத்துக் காட்டினார். கூர்மையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டீச்சர், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சார் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார்:

"தெருவே அண்ணாந்து பாக்குது. தனியா நின்னு போன்ல பேசிக்கிட்டே சிரிச்சா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

ஒரு கண்

அடுத்து, முகம் எடுப்பதற்கென்றே இருக்கும் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனார். முகம் மட்டும் தெளிவாக விழுந்து, பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சாகக் கரைந்துபோகும் ஜாதி. இந்த லென்ஸைக் கையில் வாங்கும் எல்லோருக்கும் ஒரே நோய் வரும். எவ்வளவு கரையுமோ அவ்வளவும் கரைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பார்கள். நான் சொல்லித்தான் அனுப்பினேன். கணக்கு வாத்தியாருக்கு யார் சொன்னால் ஏறும்?

திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை. படத்தில் சுவர் கரைந்திருந்தது, செம்பருத்திச் செடி கரைந்திருந்தது, டீச்சரின் காது கரைந்திருந்தது, தோடு கரைந்திருந்தது, மூக்கு நுனியும் கிளம்பிவிட்டிருந்தது. வலது கண் மட்டும் இமை மயிரோடு பளிச்சென்று நின்றது. எனக்கே அந்தக் கண்ணைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. பின்னணி எப்படி வெண்ணெய் மாதிரி உருகியிருக்கிறது பாருங்கள் என்று சார் விளக்கிக்கொண்டே போனார். டீச்சர் என்ன சொன்னார் என்று நான் நடுவில் புகுந்து கேட்டதும் குரல் இறங்கிவிட்டது.

"'ஒரு கண்ணு என்னுதுதான், ஒத்துக்கிறேன். மீதியையும் எப்ப எடுக்கிறதா உத்தேசம்?'னு கேக்குறா."

லென்ஸுக்குச் சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்கள் ஜமால் பாய்க்குக் கை ஓயாது. பூஜையில் வைத்த கேமராக்களெல்லாம் குங்குமமும் பொரியுமாக வந்து இறங்கும். அந்த வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கராஜன் மாமா வந்தார். உத்தர வீதியில் வீடு. பெருமாள் புறப்பாடு ஒன்றையும் விடாமல் எடுக்கிறவர். வீட்டிலுள்ள அரிவாள்மணை, சைக்கிள், மிக்ஸி எல்லாவற்றுக்கும் சந்தனம் இட்ட கையோடு லென்ஸுக்கும் இட்டிருக்கிறார். உடம்பில் இட்டிருந்தால் போகிறது, நட்டநடுக் கண்ணாடியில் இட்டுவிட்டார்! பிறகு வேட்டி நுனியால் துடைத்திருக்கிறார். கண்ணாடி முழுவதும் சந்தனம் பரவிவிட்டது. அது தெரியாமல் மறுநாள் மாமி துளசிக்குத் தண்ணீர் விடுவதை எடுத்திருக்கிறார்.

அந்தப் படத்தை என் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். காலை வெயில் மாமியைச் சுற்றிப் புகைபோல எழும்பியிருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் லென்ஸ் லென்ஸாக இருக்க வேண்டுமே. இனிமேல் சந்தனத்தைப் பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் மாமா, கண்ணாடிக்கு ஆகாது என்று பணிவாகச் சொன்னேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பெருமாள் திருமேனிக்கே சாத்தறோம், அவர் ஒண்ணும் சொல்லலை. இந்த லென்ஸுக்கு ஆகலைன்னா லென்ஸ்லன்னா தோஷம்!"

மெழுகுவர்த்திதான் பாக்கி

மாமா எழுந்து போன கொஞ்ச நேரத்தில் சேவியர் சார் வந்தார். துளசிப் படம் என் கணினித் திரையில் திறந்தபடி இருந்தது. "எந்த லென்ஸ் மேடம் இது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெர்மனியா, பழைய ரஷ்யக் கண்ணாடியா என்று அவரே வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். சந்தனம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே சின்னக்கடை வீதியில் சந்தனக் கட்டையும் கல்லும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

லென்ஸில் தடவ மனசு வரவில்லை. அதன் முன்னால் மாட்டும் வெறும் கண்ணாடியில் தடவி, மெல்லிசாக, தடிப்பாக, ஓரமாக, நடுவாக என்று வகை வகையாக எடுத்துத் தள்ளிவிட்டார். இந்த மனிதருக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஆச்சரியம். டீச்சர் மேல் கோபமும் வந்தது, ஒன்றையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன? ஆனால் படங்களைப் பார்த்ததும் டீச்சர் பக்கம் சாய்ந்துவிட்டேன். அந்த வெள்ளைப் புகைக்குள் நீலச் சேலையோடு நின்ற பெண்மணியை வழியில் கண்டால் யாரும் அடையாளம் சொல்ல முடியாது. டீச்சர் படத்தைக் கையில்கூட வாங்கவில்லையாம், எட்டி நின்று பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"இது நானா, கோயில் கெபியில நிக்கிற மாதாவா? மெழுகுவர்த்திதான் பாக்கி."

பன்றியா, மயிலா?

வையம்பட்டியிலிருந்து முருகேசன் என்றொரு விவசாயி வந்தார். கடலைக் காட்டை விடியற்காலையில் ஏதோ ஒன்று கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது. பன்றி என்கிறார் இவர், மயில் என்கிறார் வீட்டுக்காரம்மா. வீட்டில் இதே சண்டை. தூரத்திலிருந்து எடுக்கிற லென்ஸ் வேண்டும் என்றார். கேமராவைத் தொட்டே பழக்கமில்லாதவர். ஜமால் பாய் எல்லாவற்றையும் தானியங்கியில் போட்டு, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்.

திருப்பிக் கொடுக்க வந்தபோது சேவியர் சாரும் கடையில் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் தலையை நுழைத்துப் பார்த்தோம். மண், மண், வரப்பு, மறுபடி மண். கடைசிப் படத்தின் ஓரத்தில் ஒரு மயில் தோகை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் முருகேசனின் வீட்டுக்காரம்மா, கையில் மண்ணாங்கட்டியோடு இந்தப் பக்கம் திரும்பி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நின்றார். சேவியர் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எப்படி எடுத்தீர்கள், எதை எதில் வைத்தீர்கள் என்று துருவினார். முருகேசனுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"கேமராவை மோட்டார் ரூம் செவத்துல வச்சுட்டு நின்னுக்கிட்டிருந்தேங்க. மயிலு ஓடுச்சு. 'பாத்தியா, நான்தான் ஜெயிச்சேன்'னு என்னைப் பாத்துக் கத்துனா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, அமுக்கிட்டேங்க."

காது

அதற்குப் பிறகு சேவியர் சார் வரவில்லை. டீச்சரே வந்தார், வாடகை லென்ஸைத் திருப்பிக் கொடுக்க. படங்களில் நான் பார்த்திருந்த கடுகடுப்பான அம்மாளைத் தேடினேன், காணோம். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, "உங்க கடைதானா எங்க வீட்டுக்காரருக்கு மாமியார் வீடு?" என்று சிரித்தார். நல்ல, தாராளமான சிரிப்பு. இந்தச் சிரிப்பு ஒரு படத்தில்கூட விழவில்லையே என்று எனக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. அச்சகத்தில் இன்று சாயங்காலத்துக்குள் படம் கேட்கிறார்கள் என்றார். "இல்லைன்னா என் பேருக்கு மேல அந்த மீன்கொத்தியைப் போட்டுடச் சொல்லிடுவேன். சாருக்கும் அடையாளம் தெரியும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அந்தப் படம் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேட்டே விட்டேன். "ஏன் டீச்சர், சார் எடுக்கும்போது மட்டும் உங்களுக்குச் சிரிப்பு வர மாட்டேங்குது?" டீச்சர் யோசிக்கவே இல்லை. பல வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் போலிருக்கிறது.

"கேமராவைத் தூக்கிட்டார்னா அவர் மூஞ்சியே இருக்காதுங்க. ஒரு பக்கத்துக் காது மட்டும் தெரியும். காதைப் பாத்து எவ்வளவு நேரந்தான் சிரிக்கிறது?"

என்ன அப்படிப் பாக்குறீங்க?

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சின்னக் கேமரா உண்டு. கண்ணை ஒட்டவைத்துப் பார்க்க அதில் துவாரமே கிடையாது. திரையை மேல்பக்கமாக மடக்கி, வயிற்றோடு பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால் போதும். சமையல் வீடியோ போடுகிறவர்கள் எடுத்துப்போவது. சேவியர் சார் அதைக் கேமராக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. கல்லூரி விட்டு டீச்சரைக் கூட்டிப்போக அவர் வந்ததும், அதை அவர் கையில் திணித்தேன். இதில் எடுங்கள் என்றேன். "இதுலயா?" என்றார், எச்சில் டம்ளரை நீட்டியவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு. "சாயங்காலம் அச்சகம் சார்" என்றேன்.

வயிற்றோடு பிடித்துக்கொண்டார். கேமராவைத் தொட்டால் அவருக்குப் பழக்கதோஷத்தில் ஒரு கண் தானாக மூடிக்கொள்கிறது. ஒற்றைக் கண்ணோடு குனிந்தார், நிமிர்ந்தார், பொத்தானைத் தேடி இரண்டு பக்கமும் தடவினார். முழு முகமும் வெளியே தெரிய, அதில் இத்தனை வருஷமும் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அத்தனை கோணலும் தெரிந்தது: நாக்கைக் கடிக்கிறார், மூக்கைச் சுளிக்கிறார், உதட்டைக் குவிக்கிறார். டீச்சர் ஒரு நிமிஷம் பார்த்தார். "ஐயோ, இப்படியா பண்ணுவீங்க உள்ள இருந்துக்கிட்டு!" என்று ஆரம்பித்தவர் சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தார். டீ கொண்டுவந்த ஜமால் பாயும் சிரித்தார். சாரும் டீச்சரைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பிலே விரல் எங்கேயோ பட்டது.

படத்தில் டியூப்லைட் வெளுத்துப் போயிருந்தது. ஓரத்தில் ஜமால் பாயின் கையும் டீ டம்ளரும் நுழைந்திருந்தன. சார் அடுக்க ஆரம்பித்தார்: சாய்ந்திருக்கிறது, தலைக்கு மேல் இடம் பத்தவில்லை, இன்னொன்று எடுத்துவிடலாம். "தொட்டீங்கன்னா விழாவுக்கே வர மாட்டேன். டம்ளரை மட்டும் வெட்டிட்டு இதையே அனுப்புங்க" என்று டீச்சர் சொன்னார். என் கணினியிலிருந்தே அச்சகத்துக்கு அனுப்பினேன். டீச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, போகலாமா என்று திரும்பினார். சார் நகரவில்லை. கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு டீச்சரையே பார்த்தபடி நின்றிருந்தார். டீச்சருக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? ஃபோகஸ் ஆகலையா?"

வெள்ளி விழா முடிந்த மறுவாரமே சேவியர் சார் வந்து, அந்தச் சின்னக் கேமராவில் இதைவிடப் பெரிய திரையோடு புது மாடல் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோய் யாருக்காவது முழுசாகக் குணமாகிவிட்டால் நானும் ஜமால் பாயும் கடையை மூட வேண்டியதுதான்.