மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

கண்ணாயிரம் கிரிவலப் பாதையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி ஆரம்பித்தவர். பிறகு வெல்டிங் கற்றுக்கொண்டு வேங்கிக்கால் போகிற ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டார். சைலன்சர் என்றால் எங்கள் ஊரில் அவர்தான். ஊரையே எழுப்பிக்கொண்டு வருகிற வண்டி அவர் கொட்டகையை விட்டுக் கிளம்பும்போது பூனை மாதிரி போகும். "என் வெல்டு விட்டுச்சுன்னா மீசைய எடுத்துடறேன்" என்று வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார். நல்ல பெரிய மீசை. கேட்கிற எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் சைலன்சர் ஓட்டையானால் அவரிடம்தான் போவோம், வேறு என்ன செய்வது?

அவருடைய தங்கை சரோஜாவின் வீட்டுக்காரர் ராஜேந்திரன் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறார். 2007ஆம் வருஷம் அவர் சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்கி வந்தார். வண்டி அழகாகத்தான் ஓடியது. சத்தம்தான் போதவில்லையாம். ஆபீசுக்கு வருகிற யாரோ ஒரு காண்டிராக்டர் மகனின் கார் உறுமுகிற மாதிரி தன்னுடையதும் உறுமவேண்டும் என்று மச்சானிடம் வந்து நின்றார். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொன்ன வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கண்ணாயிரம் கம்பெனி சைலன்சரைக் கழற்றினார். புகையைச் சுத்தம் செய்ய உள்ளே தேன்கூடு மாதிரி வைத்திருந்த பெட்டியையும் வெட்டி எடுத்துவிட்டு, அகலமான குழாயை வைத்து வெல்டிங் அடித்தார். ஆக்ஸிஜன் சென்சார் என்று குழாயில் ஒன்று திருகியிருந்தது. அதைப் புதுக் குழாயில் அதே இடத்தில் திருகிவிட்டார். கார் உறுமியது. ராஜேந்திரனும் உறுமிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் இன்ஜின் படம் போட்ட லைட் எரிந்தது.

"இன்னா மச்சான் இது, கண்ணு முழிச்சிப் பாக்குது?"

"ஒண்ணும் இல்லங்க மாப்ள. சென்சார்ல கொஞ்சம் அழுக்கு இருக்கும். வுடுங்க, பாத்துக்கறேன்."

சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எரிந்தது. பேட்டரி ஒயரைப் பிடுங்கி வைத்திருந்து மறுபடி கொடுத்தார். அணைந்தது. செங்கம் ரோடு வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் எரிந்துவிட்டது. சென்னையில் சொல்லிவைத்துப் புது சென்சாரே வரவழைத்துப் போட்டார். அதற்கும் எரிந்தது. ஒயரைத் தேடினார், ஃபியூஸைத் தேடினார், வண்டியை விற்றவனைத் திட்டினார். தன் வெல்டிங்கை மட்டும் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அது எப்படி விடும்? மீசை இருக்கிறதே.

அப்படியே ஆயுத பூஜை வந்துவிட்டது. எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற நாள். தங்கை வீட்டுக் காருக்கு நானே வைக்கிறேன் என்று கண்ணாயிரம் தட்டை வாங்கிக்கொண்டார். பானெட்டுக்கு, ஸ்டீயரிங்குக்கு எல்லாம் வைத்துவிட்டு, மீட்டர் கண்ணாடியில், சரியாக அந்த லைட் இருக்கிற இடத்தில், சந்தனத்தைக் கெட்டியாக அப்பி அதன்மேல் குங்குமத்தை அழுத்தினார். வேலை கச்சிதம். கற்பூரம் காட்டும்போது சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்ற இடத்துப் பொட்டெல்லாம் வெயிலில் காய்ந்து உதிர்ந்தன. மீட்டரில் இருந்ததை அவள் உதிரவிடவில்லை. அண்ணன் கையால் வைத்தது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்துவிட்டு வந்து புதுப்பித்தாள்.

"லைட் நின்னுச்சா மாப்ள?" என்று கண்ணாயிரம் கேட்டார்.

"நின்னுடுச்சு மச்சான். சாமி பாத்துக்கிச்சு."

அதைக் கேட்டதும் கண்ணாயிரத்துக்கு உடம்பு ஒரு மாதிரி கூசியது. பேச்சை மாற்றி டயரில் காற்று பார்க்கப் போனார்.

வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. ராஜேந்திரனுக்குத் தன் கார்மேல் சந்தேகம் வராது, மச்சான்மேலும் வராது. பெட்ரோல் பங்கின்மேல் வந்தது. அவர் வாடிக்கையாகப் போகிற பங்கில் பெட்ரோல் போடுகிறவள் பச்சையம்மாள், அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. குழாயைக் கையில் எடுத்ததும் "ஜீரோ பாத்துக்கோங்க" என்பாள். தலையாட்டினால் போதாது, "பாத்துட்டேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் அமுக்குவாள். "போடும்மா, நேரமாவுது" என்று அலுத்துக்கொண்டாலும் அசையமாட்டாள். அந்த வேலை கிடைப்பதற்கு முன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக்காரர்களுக்குக் கற்பூரம் விற்றுக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு நிற்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

மறு வருஷம் ஆவணிப் பௌர்ணமி மத்தியானம். பங்கில் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. ராஜேந்திரன் செல்போனில் பேசிக்கொண்டே காரை நிறுத்தினார். பக்கத்தில் கண்ணாயிரம்.

"ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்றாள் பச்சையம்மாள். ராஜேந்திரன் போனை விடவில்லை. அவள் இந்தப் பக்கம் குனிந்து, "நீங்களாவது பாருங்கண்ணா" என்றாள். கண்ணாயிரம் பார்த்தார். சுத்தமான சைபர். "பாத்துட்டேன், போடும்மா" என்றார்.

போட்டு முடிந்தது. ராஜேந்திரன் போனை வைத்துவிட்டுக் காரின் பெட்ரோல் மீட்டரைப் பார்த்தார். டேங்க் அவர் கணக்குப் போட்டதைவிடக் காலியாக இருந்ததால் முள் அவர் நினைத்த அளவுக்கு ஏறவில்லை. எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாரோ, இறங்கிக் கத்த ஆரம்பித்தார். "நான் போன்ல இருக்கறத பாத்துட்டு ஜீரோ வெக்காம அடிச்சிட்டியா? தெனம் இதே வேலையா? பெட்ரோல் திருடி!"

வரிசையில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்தார்கள். பச்சையம்மாள் பதறவில்லை. கண்ணாயிரத்தைக் காட்டினாள்.

"இந்த அண்ணன் பாத்தாரு. வாயால சொன்னாரு. சொல்லுங்கண்ணா."

பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் பங்கில் குறை இல்லை. அப்படியானால் குறை வண்டியில். வண்டியில் கை வைத்தவர் யார்? மாப்பிள்ளை முகத்தையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டுக் கண்ணாயிரம் சொன்னார்: "நான் சரியா கவனிக்கலியேம்மா."

அவள் திட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பங்க் முதலாளி வந்து விசாரித்தார். கலெக்டர் ஆபீஸ்காரர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். "நாளையிலருந்து வர வேணாம்மா. நான் சொல்லி அனுப்பறேன்" என்றார். அவள் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கண்ணாயிரம் காரை வாங்கி வந்தார். பல் விளக்கும்போதே முடிவு செய்திருந்தார். குழாயின் வால்பக்கத்தை ஈரத் துணியால் அடைத்து, இன்ஜினை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தன் வெல்டிங்மேல் ஊற்றினார். பஞ்சர் ஒட்டிய நாளிலிருந்து கைக்குப் பழகிய வேலைதான். சென்சாருக்கு முன்னால் இருந்த ஒட்டில் நுரை பொங்கியது. ஊசி முனை ஓட்டை. அது வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. பெட்ரோல் கம்மி என்று சென்சார் ஏமாந்து சொல்ல, இன்ஜின் ஜாஸ்தியாக ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டையை அடைத்தார், பேட்டரி ஒயரைப் பிடுங்கிக் கொடுத்தார். பொட்டைச் சுரண்டிவிட்டு ஓட்டிப் பார்த்தார். லைட் வரவில்லை.

அத்தோடு முடிந்தது என்று அவர் நினைத்தார். நான் சொல்கிறேன், அங்கேதான் கெட்டது. ராஜேந்திரன் வேறு பங்கில் பெட்ரோல் போட ஆரம்பித்திருந்தார். மைலேஜ் ஏறியது. ஆபீசில், டீக்கடையில், கோயில் வாசலில், பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார்: "பங்க மாத்தினேன், மைலேஜ் வந்துடுச்சு. அந்தப் பொம்பள திருடிதான்." ரிப்பேர் செய்யாமலே விட்டிருந்தால்கூட அவள்மேல் வெறும் சந்தேகம்தான் இருந்திருக்கும். கண்ணாயிரம் கைப்பட ரிப்பேர் செய்து அதை நிரூபித்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பங்க் இருக்கிற ரோட்டையே விட்டுவிட்டுச் சுற்றிப் போனார்.

கார்த்திகைக்கு முன்னால் ஒரு நாள் பச்சையம்மாளே கொட்டகைக்கு வந்தாள். கற்பூர மூட்டை கட்டிய பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"சைலன்சர் வுட்டுப் போச்சுண்ணா. நீங்க வெச்சா விடாதுன்னாங்க."

அவர் வாங்கி உட்கார்ந்தார். முதல் தொடுதலிலேயே வெல்டிங் ராடு குழாயில் ஒட்டிக்கொண்டது.

"அன்னைக்கி உங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணா" என்றாள் அவள். "கவனிக்கலன்னா கவனிக்கலன்னுதான் சொல்ல முடியும். எனக்கே இப்ப சந்தேகமா கீது. கூட்டத்துல நான்தான் ஜீரோ வெக்காம அடிச்சிட்டேனோ இன்னாவோ. நெனச்சி நெனச்சிப் பாக்கறேன், ஞாபகம் வரல."

கண்ணாயிரம் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குப் பின்னாலிருந்தே சொன்னார்: "ஜீரோ இருந்திச்சும்மா. நான் பாத்தேன்."

அவள் கற்பூர மூட்டையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "இத அங்க வந்து சொல்லுங்க" என்றாள். மொபெட்டை விட்டுவிட்டு நடந்தே போய்விட்டாள்.

அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். ராஜேந்திரன் எழுந்து நின்றுவிட்டார். "ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்கேனே மச்சான்! நான் எங்கயும் வரமாட்டேன்." சரோஜா கத்தவில்லை. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம குளிச்சிட்டு வந்து வெச்சேனேண்ணா" என்று மட்டும் கேட்டாள். அடுத்துப் பங்கில் போய்ப் பட்ட அவமானத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது என்று கண்ணாயிரம் பிறகு என்னிடம் சொன்னார்.

பங்க் முதலாளியிடம் தனியாகத்தான் போனார். வண்டிகள் வரிசையாக நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அதற்கு முன் சலூனில் மீசையை எடுத்திருந்தார். வீட்டில் சாவா என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வெல்டு விட்டுச்சு" என்று பதில் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றார்.

பச்சையம்மாள் மறுபடி வேலைக்கு வந்தாள். ஆனாலும் அவளைப் பார்க்கக் கண்ணாயிரத்துக்குத் தைரியம் வரவில்லை. தை பிறந்த பிறகுதான் அவளுடைய மொபெட்டைத் தானே ஓட்டிக்கொண்டு அந்தப் பங்குக்குப் போனார். மீசை இல்லாத முகத்தை அவள் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டதும் குழாயை எடுத்தாள்.

"ஜீரோ பாத்துக்கோங்க."

அவர் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். அவள் அமுக்கவில்லை. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார்.

"வாயால சொல்லுங்கண்ணா."

கண்ணாயிரம் நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்துட்டேம்மா" என்றார். "அன்னைக்கும் பாத்தேன்."

அவள் பெட்ரோல் போட்டாள்.