மருமகனுக்குக் கொடுத்த கெலவல்லா

மீனை வாங்கி, மீனை விற்று, குளித்து உடுப்பு மாற்றிப் பள்ளிவாசலுக்குத் தொழப் போனாலும் மீன் வாடைக்காகப் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு முறைப்பு வாங்கியே என் வயது போய்விட்டது. ஆனால் மீனைப் பச்சையாக வாயில் வைத்தது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கண்டக்குழிக் கரையில் எனக்கு ஒரு வாடி, மீன் கொட்டில், இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து, பல வருடம் அடுத்தவன் பெட்டியைச் சுமந்து, பிறகு சொந்தமாகப் போட்ட வாடி. போட்டுகள் கரைக்கு வந்ததும் மீனை வாங்கி, ஐஸில் போட்டு, புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் அனுப்புவேன். யுத்தம் முடிந்த பிறகு, பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைமேல் ஓடும் வெள்ளைக்காரர்கள் எங்கள் கரைக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்காக விடுதிகள் வந்தன. விடுதிகளுக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. அதில் ஒன்று ஜப்பான் கடை. கிடுகுக் கூரை, ஆறு பலகை மேசை, ஒரு மூலையில் மீன் வெட்டும் மேடை, அவ்வளவுதான். நடத்தியவர் ஒரு ஜப்பான் பெண். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் ஒரே மகளின் கணவர் அந்தக் கடைக்குக் கோப்பை கழுவத்தான் போனார். அமைதியான பிள்ளை, கண் பார்த்ததைக் கை செய்துவிடும். இரண்டு வருடத்துக்குள் சோறு ஆக்கினார், இறால் பொரித்தார். கடைசியில் மேடம் அவரிடம் மீன் வெட்டும் கத்தியைக் கொடுத்தார். அந்தக் கத்தியை மேடம் அதுவரை யாரையும் தொட விட்டதில்லையாம். அதோடு மீன் வாங்கும் பொறுப்பையும் கொடுத்தார். அதுவரை கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த மீனை நிறுத்திவிட்டு, "என்ட மாமா தருவார், அவர்ட மீனுக்கு நான் பொறுப்பு" என்று மருமகன் மேடத்திடம் சொல்லியிருக்கிறார். மகள் வந்து இதைச் சொன்னபோது எனக்குத் தலை கால் புரியவில்லை. வாடிக்கு வந்தவன் போனவன் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

நாலு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு நாள் மருமகன் எங்களைச் சாப்பிட வரச் சொன்னார். அன்றைக்கு மேடம் மேடையை முழுக்க அவரிடமே விடுகிறாராம், முதல் தட்டை எங்களுக்குத்தான் வைக்க வேண்டுமாம். என் மனைவி வர மறுத்துவிட்டாள். "பச்சை மீனத் திண்டா பூனைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நீங்க போங்க, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்றாள். நானும் மகளும் போவதாக முடிவானது.

அந்த வாரம் காற்று பேய்க்காற்று. இரண்டு நாளாக ஒன்றிரண்டு போட்டுகளைத் தவிர மற்றவை இறங்கவில்லை, என் வாடிக்குப் புது மீன் வரவில்லை. என் பெட்டியில் முந்தநாள் வந்த கெலவல்லா என்ற பெரிய சூரை மீன் ஒன்று கிடந்தது. அது வந்த அன்று பாலாவியிலிருந்து வரவேண்டிய ஐஸ் லொறி பிந்திவிட்டது. நடுப்பகல் வெயிலில் மீன் சாக்கின் கீழ் கொஞ்ச நேரம் கிடந்துதான் ஐஸுக்குப் போனது. சாப்பிடப் போகவேண்டிய நாள் காலையில் மருமகன் மீனுக்கு வந்தார்.

"இண்டையான் மீனா மாமா?"

"ஓம் மகன்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. காலையில் பெட்டியிலிருந்து எடுப்பதெல்லாம் எங்களுக்கு இன்றைய மீன்தான். கரையில் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வாங்குபவனும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பான். கொறக்காப் புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்க வைத்தால் முந்தநாள் மீனை யார் கண்டுபிடிப்பது? ஜப்பான்காரர் பச்சையாகச் சாப்பிடுவார்கள் என்று மருமகன் பலமுறை சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன், நம்பியதில்லை. நெருப்பில் ஒரு வாட்டாவது வாட்டாமல் எந்த மனிதன் சாப்பிடுவான் என்பது என் எண்ணம். முப்பது வருடம் மீன் விற்றவனின் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போனோம். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சின்னப் பெண் குழந்தையோடு இருந்தார்கள். எங்களுக்கு ஒவ்வொன்றாகத் தட்டு வந்தது. உள்ளங்கை அளவு தட்டுகள். ஒன்றில் உப்புத் தூவி அவித்த அவரை, ஒன்றில் நாலே நாலு பொரித்த இறால், ஒன்றில் சுட்ட கத்தரிக்காய். எங்கள் கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிடுவோம். இங்கே இரண்டு பேருக்கு ஏழு தட்டு. "கழுவுற ஆளப் பத்தி யோசிக்கவே மாட்டாங்களா?" என்றேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் ஒரு இறாலை நிலத்தில் விட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிறகு மருமகனே ஒரு நீளத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சின்னச் சின்னச் சோற்றுப் பிடிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு மீன் துண்டு. குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"மாமா, இந்தச் சோத்துல மேடம் வழக்கமா அரிசி வைன் ஒண்டு ஊத்துவா. உங்களுக்கு நான் அது போடாம, வேற சட்டியில, தேசிக்காயும் சீனியும் போட்டு ஆக்கினேன். கத்தியும் பலகையும்கூட வேறதான். யோசிக்காமச் சாப்பிடுங்க. மீன் உங்கடதானே."

பிஸ்மி சொல்லி ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். பக்கத்திலிருந்த காரமான பச்சைச் சாந்தைத் தொடவேயில்லை. சோறு இனிப்பும் புளிப்புமாக இருந்தது. மீனை மென்றதும் நாக்கு நுனியில் சுருக்கென்றது. மிளகை அரைத்துத் தேய்த்ததுபோல ஒரு கடி. அந்தக் கடி எனக்குத் தெரியும், எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். வெயில் குடித்த கெலவல்லா அப்படித்தான் கடிக்கும். அதைச் சாப்பிட்டவனுக்கு உடம்பு சிவந்து தடிக்கும், நெஞ்சு படபடக்கும், சிலரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கவும் வேண்டிவரும்.

மகள் ஒரு துண்டை எடுத்துவிட்டாள். அவள் கையைப் பிடித்தேன்.

"அது வேணாம் மகள். எனக்கு ஒத்துக்கல்ல. இறாலச் சாப்பிடு."

அவளுக்கு முகம் சுருங்கியது. "அவர் காலையிலருந்து எவ்வளவு பாடுபட்டார் வாப்பா" என்றாள்.

அப்படியே சமாளித்துவிட்டு எழும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். மருமகனின் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். பயந்தது என் மானத்துக்குத்தான். அப்போது மேடையில் அவர் அதே மீனிலிருந்து மெல்லிய துண்டுகள் அறுத்து அடுத்த தட்டில் அடுக்குவதைக் கண்டேன். பக்கத்து மேசைக் குழந்தை கதிரையில் ஏறி நின்று, தங்களுக்கு வரப்போவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழும்பி மேடைக்குப் போனேன்.

"மகன், அந்த மீனக் குடுக்காதீங்க. கடிக்குது."

கத்தி நின்றது. "எப்ப வந்த மீன் மாமா?"

"முந்தநாள். வெயில்லயும் கிடந்தது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அடுக்கிய தட்டை எடுத்து வாளிக்குள் கொட்டினார். மிச்ச மீனையும் கொட்டினார். எங்கள் மேசைக்கு வந்து நீளத் தட்டை எடுத்துப் போய் அதையும் கொட்டினார். பிறகு மேடத்திடம் போய்த் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். "மீன் சரியில்லை, நான்தான் பார்க்காமல் வாங்கிவிட்டேன், பிழை என்னுடையது" என்றார். மாமா என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. மேடமும் சத்தம் போடவில்லை. மேடைக்கு வந்து அந்தக் கத்தியை எடுத்துக் கழுவி, துணியால் துடைத்து, ஒரு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். மருமகன் பின்பக்கம் போய்க் கோப்பை கழுவத் தொடங்கினார். தண்ணீர்ச் சத்தம் எங்கள் மேசைவரை கேட்டது.

எனக்கு இரண்டு நாள் உடம்பு தடித்து அரித்தது. நல்லா வேணும் என்று சொறிந்துகொண்டே கிடந்தேன்.

அன்று திரும்பி வரும் வழியில் திரீவீலில் மகள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுச் சந்தி வந்ததும் கேட்டாள்.

"எங்கட வீட்டுக்கு நீங்க ஒருநாளும் பழைய மீன் கொண்டுவந்ததில்லையே வாப்பா?"

"இல்ல மகள்."

"அப்ப அவர?"

வீட்டுக்கு என்று எடுத்து வைப்பது எப்போதும் பெட்டியிலேயே நல்ல மீன்தான். எவ்வளவு விலைக்குக் கேட்டாலும் அதை விற்கமாட்டேன். மருமகனை நான் வீட்டுப் பக்கத்தில் வைத்திருந்தேனா, வாங்குபவன் பக்கத்தில் வைத்திருந்தேனா என்று அவள் கேட்கும்வரை எனக்கே தெரியாது. திரீவீல்காரருக்குக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மூன்று மாதம் மீன் மறுபடியும் கொழும்பிலிருந்து வந்தது. மூன்று மாதமும் மருமகன் கோப்பை கழுவினார். பெருநாளுக்கு வந்தார், ஸலாம் சொன்னார், கட்டிப்பிடித்தார், மாமா மாமா என்று மரியாதையாகவே கதைத்தார். அந்தக் கதையை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

பிறகு ஒரு காலை அவர் வாடிக்கு வந்தார். மேடம் லாச்சியைத் திறந்து கத்தியைக் கொடுத்துவிட்டாராம். கொழும்பு மீன் அன்று வரவில்லையாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய் குழறியது. சற்றுமுன் கரைக்கு வந்த போட்டிலிருந்து கெலவல்லா ஒன்றை நானே தூக்கிவந்து அவர் முன்னால் பலகையில் வைத்தேன். இன்னும் கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப வந்தது மகன். அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றேன், இப்பதான் வந்தது."

"சரி மாமா" என்றார்.

சொல்லிவிட்டுக் குனிந்தார். முன்பு என்னிடம் மீன் வாங்கிய அந்த நாலு மாதத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். விரலை விட்டுச் செவுளைத் திறந்து நிறம் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மணந்து பார்த்தார். சிலாபத்து வியாபாரி என்னிடம் எப்படிப் பார்ப்பானோ அப்படியே பார்த்தார். வெளிச்சம் வாசல் பக்கமாக இருந்தது. அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று மீனின் தலையை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.