பதினான்காம் பிரிவுக்கு ஒரு திருத்தம்

சபையில் அவருக்கு வாபஸ் என்று பெயர். சொந்தக் கட்சிக்காரர்கள் வைத்த பெயர்தான். ஆளுங்கட்சிக்காரர்கள் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவரைக் கவனித்ததில்லை. பத்தொன்பது வருடங்களாக எதிர்க்கட்சிப் பக்கத்தில், தூண் மறைக்கிற கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் கட்சி ஒரு தடவைகூட ஆட்சிக்கு வரவில்லை, அவரும் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. இரண்டில் எது தன் துரதிர்ஷ்டம் என்று அவருக்கே தெரியாது.

ராணுவம், வெளிநாட்டு ஒப்பந்தம் என்றால் சபை நிரம்பி வழியும். அவர் பேசியதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற சங்கதிகள். முதியோர் உதவிக்கான படிவத்தை முதியவர்களால் ஏன் படிக்க முடியவில்லை, குடியிருப்பு மாடிப்படிகளில் கைப்பிடி ஏன் இல்லை, வேலைக்குப் போகிற அம்மாக்கள் வந்து சேர்வதற்குள் குழந்தைகள் காப்பகம் ஏன் மூடிவிடுகிறது. இப்படிப்பட்ட பேச்சுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்தான் ஒதுக்குவார்கள். அப்போது சபாநாயகரும் எழுந்து போய்விடுவார். அவர் நாற்காலியில் துணைத் தலைவர், எதிரே ஓர் அமைச்சர், கண்ணை மூடி யோசிப்பதுபோல் தூங்கும் இரண்டு பேர், நடு மேசையில் சுருக்கெழுத்து எழுதும் பெண்மணி. அவ்வளவுதான் கூட்டம். அந்தப் பெண்மணிகூடச் சம்பளத்துக்குத்தான் கேட்டார்.

சட்ட மசோதா எது வந்தாலும் அதில் ஏதாவது ஒரு பிரிவுக்குத் திருத்தம் கொடுப்பார். அதை விளக்கிப் பேசுவார். அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டி, அரசு இதையெல்லாம் ஏற்கெனவே பரிசீலித்துவிட்டது என்று அதிகாரிகள் எழுதிக்கொடுத்த தாளை வாசிப்பார். பிறகு தலைவர், "உறுப்பினர் தமது திருத்தத்தை வற்புறுத்துகிறாரா?" என்று கேட்பார். வற்புறுத்தினால் வாக்கெடுப்பு வரும், மணியடித்துச் சாப்பிடுகிறவர்களை எழுப்பிக் கூட்டிவர வேண்டும், எப்படியும் தோற்கும். அதனால் கட்சிக் கொறடா முதல் வருடமே அவருக்கு ஒரு வாசகம் சொல்லிக்கொடுத்திருந்தார். "அமைச்சரின் பதிலைக் கருத்தில் கொண்டு எனது திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்." பத்தொன்பது வருடத்தில் அது வாய்க்குப் பழகி, கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நிற்கும்.

மனைவி இருந்தவரை இதெல்லாம் அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அச்சடித்த அவைக்குறிப்பை வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இவர் பேசிய பக்கத்தை மட்டும் தேடிப் படித்து, "இங்க இன்னும் கொஞ்சம் காட்டமா சொல்லியிருக்கலாம்" என்பாள். போய் நாலு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்த குறிப்புகள் உறைகூடப் பிரிக்காமல் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. மேசையின் மற்ற பாதியில் அவர் சாப்பிட்டார். வேறு ஊரில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் போன் பண்ணி, "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்பாள். "ஆச்சும்மா" என்பார். அப்புறம் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. வைத்துவிட மனசில்லாமல் கொஞ்ச நேரம் காதில் வைத்திருப்பார்.

இப்படி இருக்கையில்தான் தொகுதி அலுவலகத்துக்கு ஒரு தையற்காரம்மா வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அண்ணனோடு அரசுக் குடியிருப்பில் இருபத்திரண்டு வருடமாக வாழ்ந்தவள். வீடு அண்ணன் பெயரில். அண்ணன் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. குடியிருப்பவர் இறந்துவிட்டால் கூட இருந்தவர்கள் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்பது விதி.

"எனக்கு வர்றவங்க எல்லாரும் அதே கட்டடத்துல இருக்கறவங்கதான் சார்," என்றாள். "வேற எடத்துக்குப் போனா யாரு என்கிட்ட துணி குடுப்பாங்க? ஒரு வருஷம் டயம் கெடைச்சா எப்படியாவது சமாளிச்சுக்குவேன்."

அந்த வாரமே வீட்டுவசதி மசோதா வரவிருந்தது. பதினான்காம் பிரிவில் அதே முப்பது நாள். ஏற்கெனவே காலி செய்யச் சொன்னவர்களுக்கும் புதுச் சட்டம்தான் பொருந்தும் என்று இன்னொரு பிரிவு சொன்னது. முப்பது நாளை ஒரு வருடமாக்கத் திருத்தம் கொடுத்தார். "பேசிப் பார்க்கறேம்மா," என்றுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை மதியம் அவர் முறை வந்தது. வழக்கமான கூட்டத்தோடு ஆளுங்கட்சி வரிசையில் ஒன்றிரண்டு பேரும், முன்னால் கொறடாவும் இருந்தார்கள். எழுதிவைத்த தாளில் புள்ளிவிவரமெல்லாம் இருந்தது. ஆனால் பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டார். எதற்கு வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. "தலைவர் அவர்களே, என் மனைவி இறந்த முதல் மாதத்தில் அவள் மூக்குக்கண்ணாடியை மேசையிலிருந்து எடுத்துவைக்க எனக்குக் கை வரவில்லை," என்றார். "ஒரு கண்ணாடியை நகர்த்த முடியாத முப்பது நாளில் ஒரு வீட்டையே நகர்த்தச் சொல்கிறது இந்தப் பிரிவு."

அவ்வளவுதான். உட்கார்ந்தார். மனைவியைப் பற்றி வெளியே பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் தூங்குகிறவர்கள் முன்னால் பேசிவிட்டோமே என்று கூசியது. கீழே விழுந்த தாள்களைப் பொறுக்கினார், கண்ணாடிக் கூட்டைத் தேடினார். அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறேன் என்று தொடங்கியது அரைகுறையாகக் காதில் விழுந்தது. மீதி என்னவென்று அவருக்குத் தெரியாதா என்ன? கண்ணாடிக் கூடு இருக்கைக்கும் தூணுக்கும் இடையில் சிக்கியிருந்தது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"உறுப்பினர் தமது திருத்தத்தை வற்புறுத்துகிறாரா?" துணைத் தலைவரும் முன்னாலிருந்த அச்சுத் தாளைப் பார்த்துத்தான் கேட்டார்.

நிமிர்ந்த வேகத்தில் எழுந்தார். "அமைச்சரின் பதிலைக் கருத்தில் கொண்டு எனது திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

"சபை அனுமதிக்கிறதா? அனுமதித்தது. பதினான்காம் பிரிவு நிறைவேறியது. பதினைந்தாம் பிரிவு."

ஆளுங்கட்சி வரிசையில் யாரோ சிரித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துக்கொண்டு, அவரும் சிரித்தார். அமைச்சர் பாதி எழுந்த நிலையில் நின்று, கையிலிருந்த தாளையும் கடைசி வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கொறடா குனிந்தபடி ஓடி வந்தார்.

"என்ன சார் பண்ணிட்டீங்க? ஏத்துக்கறேன்னு சொன்னாரே அந்த மனுஷன்."

"எதை?"

"உங்க திருத்தத்தைத்தான்."

அவர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். சபை விதிகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதில் என்னவாக இருக்கும் என்று கேட்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. திரும்பப் பெற்ற திருத்தத்தை அதே கூட்டத் தொடரில் மறுபடி கொண்டுவர முடியாது. நிறைவேறிய பிரிவைத் திறக்க முடியாது. துணைத் தலைவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அமைச்சர் போகிற போக்கில் அவர் இருக்கை அருகே நின்று, "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்," என்றார். "அந்தக் கண்ணாடி விஷயம் மனசுல நின்னுடுச்சு. எங்கம்மாவோடது இன்னும் என் அலமாரியிலதான் இருக்கு."

மூன்று மணிக்குச் சுருக்கெழுத்துப் பெண்மணி தட்டச்சு செய்த குறிப்பைக் கொண்டுவந்தார். பேசியதில் வாய் தவறி வந்த பிழை இருந்தால் உறுப்பினர்கள் திருத்திக் கையெழுத்திடலாம் என்பது வழக்கம். வழக்கமாக ஊழியரிடம் கொடுத்தனுப்புவார். அன்று அந்தப் பெண்மணியே வந்து நின்றார்.

"நீங்க சொன்ன கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்க சார்," என்றார். "வாய் தவறினதுன்னா அடிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை."

"அடிச்சா பிரிவு மாறுமா?"

"மாறாது சார். ஆனா படிக்கறவங்களுக்கு நீங்க அதைச் சொன்னது தெரியாது."

குறிப்பைப் படித்தார். அமைச்சரின் பதில் ஒரு பக்கம் இருந்தது. எல்லாம் எப்போதும் போலத்தான், கடைசி நாலு வரி தவிர. அந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தார். பத்தொன்பது வருடம் ஏங்கிய நாலு வரி. ஒன்றையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"நீங்க பேசறதை எழுத எனக்குப் பிடிக்கும் சார்," என்று சொல்லிவிட்டுப் பெண்மணி வாசல் வரைக்கும் போனார். திரும்பி, "இன்னைக்கு நான் நடுவுல ஒரு தடவை பென்சிலை வெச்சுட்டேன்," என்றார்.

போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் கால்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போயின. தையற்காரம்மா வீடு மூன்றாம் மாடி. மாடிப்படியில் கைப்பிடி இல்லை. அவர் எப்போதோ அதற்காகப் பேசி, திரும்பப் பெற்றிருந்தார். கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோரம் இயந்திரம், சுவரை ஒட்டித் துணி வெட்டும் பெரிய மேசை, கதவுக்குப் பின்னால் அண்ணனின் நீலச் சட்டை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"என்னாச்சு சார்? யாருமே கேக்கலையா?"

இல்லை என்று சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள். அதுதானே எப்போதும் நடப்பது.

"கேட்டாங்கம்மா. அமைச்சர் கேட்டாரு. ஏத்துக்கறேன்னும் சொன்னாரு." அவள் முகம் மலர்வதற்குள் அவசரமாகச் சொன்னார். "நான்தான் அதைக் கேக்கலை. எப்பவும் போல முடியாதுன்னு சொல்லுவாருன்னு நெனச்சு, வேண்டாம்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"அந்த ஒரு வார்த்தையைக் காதுல வாங்கியிருக்கலாமே சார்," என்றாள்.

மன்னிப்புக் கேட்க வந்தவர், அதைக் கேட்க முடியாமல் நின்றார். போகச் சொல்வாள் என்று நினைத்தார். அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, ஒரு நுனியை அவரிடம் நீட்டினாள்.

"அந்த மூலையில புடிங்க. இந்த மேசை வாசல் வழியா போகுமான்னு பாக்கணும்."

அவர் குனிந்து மேசை மூலையில் நாடாவை அழுத்திப் பிடித்தார். மறுமுனையிலிருந்து அவள் ஓர் எண்ணைச் சொன்னாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார். "சரியா கேட்டுக்கறேன்."