சூடு தெரியாத கை

பிரகாசி சிஸ்டர் தோணிக்காரப் பக்கீரோடு போய்விட்டாள் என்று இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லப் போகிறீர்கள்? பக்கீருக்கு அப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. வாயில் மூன்று பல். நாலு தரம் தண்டு வலித்தால் ஐந்தாம் தரம் இருமல். போதாக்குறைக்கு அவருடைய பெண்சாதி றமீஸா, மனிதன் சந்தையால் வரக் கொஞ்சம் பிந்தினாலே வாசல் படலையில் நின்று ஊரைக் கூட்டுகிறவள். அப்படிப்பட்ட மனிதனை இழுத்துக்கொண்டு ஒரு கன்னியாஸ்திரி ஓடினாளாம். சொல்கிறவர்களுக்குத்தான் இல்லை, கேட்கிறவர்களுக்காவது மூளை வேண்டாமா?

இத்தனை காலம் இதைப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. பிரகாசியின் தங்கை வீட்டில் கலியாணம் ஆகாத குமர்ப்பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது எல்லோருக்கும் கலியாணம் முடிந்து, அவர்கள் பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. அந்த நோய்க்கும் குளிசை மருந்து வந்துவிட்டது. இனி யாருக்காக மறைக்க வேண்டும்? இருந்து கேளுங்கள்.

பிரகாசி தாண்டவன்வெளியில் பிறந்தவள். வீட்டுக்கு மூத்த பெண். இந்த ஊர் வழக்கப்படி தாய் இருந்த வீடும் வளவும் மூத்தவளுக்குத்தான். மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். பேசி முடிக்கிற நேரத்தில், வீட்டைத் தங்கை எமிலியாவின் பெயருக்கு எழுதுங்கள், எனக்கு மடம் போதும் என்று சொல்லிவிட்டாள். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு அது. தகப்பன் மூன்று நாள் சோறு தொடவில்லை. நாலாம் நாள் அவளே சோறு போட்டுக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, பக்கத்தில் இருந்தாள். அவர் சாப்பிட்டார். அவள் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

மடத்தில் அவளுக்கு வைத்தது வாய்க்குள் நுழையாத ஒரு பெயர். ஊருக்கு அவள் பிரகாசி சிஸ்டர்தான். காலையில் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பாள். பின்னேரம் பக்கீரின் தோணியில் ஏறிக் களப்பைக் கடந்து, பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடம் விடாமல் வீட்டோடு மறிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் போவாள். முஸ்லிம் சோனகர் வீடும் போவாள், தமிழர் வீடும் போவாள். தையல் பழக்க வருகிறா என்றுதான் தகப்பன்மார் விட்டார்கள். தையலும் பழக்கினாள், அதில் பொய்யில்லை. கொஞ்ச நாள் போனதும் துணியில் பூவுக்குப் பதில் எழுத்துத் தைக்கக் கொடுப்பாள். தலையணை உறையில் நூலால் தைத்த ‘அ’னாவைப் பார்த்த தகப்பன், நல்ல கைவேலை என்று தலையாட்டிவிட்டுப் போவான். இப்படியே பக்கீரின் மகள் கைறுன்னிஸா ஒரே வருஷத்தில் கடுதாசி வாசிக்கப் பழகினாள். மலேரியாக் காய்ச்சலால் ஊர் வெறுமையாகிப்போன அந்த வருஷமும் பிரகாசி இந்தச் சுற்றை விடவில்லை. கூடையில் நூலுக்குப் பதிலாகக் கொயினா மருந்து இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் மடத்துக் குசினியில் பூசைக்கு அப்பம் சுடுவதும் அவள் பொறுப்பு. நீளக் கைபிடியுள்ள இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் மாவை ஊற்றி, நெருப்பில் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். முப்பத்தெட்டாம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, குசினி வேலைக்கு நின்ற புஸ்பத்துக்கு ஏதோ கருகுகிற மணம் வந்தது. மாவின் மணம் இல்லை. எட்டிப் பார்த்தாள். பிரகாசி செபம் சொல்லியபடி இரும்பைப் பிடித்திருந்தாள். துணி சுற்றிய இடத்தில் இல்லை, அதற்கும் கீழே, செந்நிறமாகக் காய்ந்திருந்த இடத்தில். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“சிஸ்டர், உங்களுக்குச் சுடல்லையா?” என்றாள் புஸ்பம்.

பிரகாசி கையை விரித்து நெடுநேரம் பார்த்தாள். “இல்லகா,” என்றாள்.

புஸ்பம் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தாள். பாவம், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நெருப்புச் சுடாத கையை வேதக் கதைகளில் மட்டும்தான் அவள் கேட்டிருந்தாள். அன்று பின்னேரமே கதை களப்பின் இரு கரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்த்தால், மடத்து வாசலில் நோயாளிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வரிசையாக நிற்கிறார்கள். ஒருதரம் தலையில் கை வையுங்கள் சிஸ்டர் என்று மன்றாடுகிறார்கள். பிரகாசி இரண்டு கையையும் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு பின்னால் போனாள். ஒருத்தி பிள்ளையை அவள் காலடியில் கிடத்திவிட்டு அழுதாள். அப்போதும் தொடவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று முதலில் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றவர்கள்.

அவளுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. தையல் ஊசியை எடுத்துச் சுண்டுவிரலில் குத்திப் பார்த்தாள். ஊசி போனது தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே வெளிறிய ஒரு படை இரண்டு வருஷமாக இருந்தது. தேமல் என்று எண்ணி இருந்துவிட்டாள். திங்கட்கிழமை மடத்துப் பெரிய மதரிடம் தானாகவே போய்ச் சொன்னாள். டொக்டர் வந்து கையையும் காது மடலையும் பார்த்தார். அந்தக் காலத்தில் குட்டநோய் என்று எழுதிவிட்டால் களப்பு நடுவிலுள்ள மாந்தீவில் கொண்டுபோய் ஒதுக்குவதுதான். போனவர்கள் திரும்பி வருவதில்லை. அங்கே அவள் சாகும்வரை எட்டு வருஷம் இருந்தாள். விரல்கள் மடங்கின பிறகு மணிக்கட்டில் குச்சியைக் கட்டிக்கொண்டு, அங்கிருந்தவர்களுக்கு மணலில் எழுத்துக் காட்டினாளாம். பக்கீர் பிறகு சொன்னது.

போவதற்கு அவள் பயப்படவில்லை. பயம் எமிலியாவுக்கு. எமிலியாவின் மூத்த மகள் ரோசலினுக்குப் பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த மாதம் கலியாணம். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள். இந்த ஊரில் வீடும் குடியும் தாய்வழியால் வருகிறது. நல்லது அந்த வழியால் வந்தால் கெட்டதும் அந்த வழியால்தான் வரும் என்பது சனத்தின் எண்ணம். பெரியம்மாவுக்குக் குட்டம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அந்தப் படலையை ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் திறக்கமாட்டார்கள்.

எமிலியா மடத்து விறாந்தையில் வந்திருந்து அழுதாள். பிரகாசி மேசைக்கு மறுபக்கம் இருந்தாள்.

“கசநோய் எண்டு சொல்லுவமா அக்கா? ஆஸ்பத்திரிக்குப் போறா எண்டு சொல்லுவமா?”

“மதர் பொய் சொல்ல மாட்டா. நானும் சொல்ல மாட்டன்.”

“அப்ப என்ட புள்ளையள்?”

பிரகாசி எமிலியாவின் சீலையைப் பார்த்தாள். பிறகு, “உன்ட சீலை ஒண்டு கொண்டு வாகா. நல்ல நிறமாப் பாத்து,” என்றாள்.

எமிலியாவுக்கு விளங்கவில்லை.

“நாம ஒண்டும் சொல்லத் தேவல்ல. பாக்கிற சனம் தானாச் சொல்லும்.”

அப்போதுதான் எமிலியாவுக்கு விளங்கியது. வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். மடத்தை விட்டு ஓடியவள் என்று உங்களைச் சொல்வார்களே, உங்கட மானம் என்னாவது என்று கேட்டாள்.

“மாப்பிள்ளை வீட்டார் ஒரு கிழமைக்கு மூஞ்சி நீட்டுவாங்க. சீதனத்தில ஒரு துண்டு வயல் கூடக் கேப்பாங்க. கொடு. மத்தது, இந்த நோய் எண்டா ஒருத்தனும் வரமாட்டான். என்ட மானம் என்னோட முடிஞ்சிரும் எமிலியா.”

மதர் ஒரு கிழமை சம்மதிக்கவில்லை. பொய் சொல்லவில்லை, உடுப்பு மாற்றுகிறேன், அவ்வளவுதான் என்று பிரகாசி ஒரே பிடியாக நின்றாள். தகப்பனிடம் நின்ற அதே பிடி. ஆஸ்பத்திரித் தோணி வேண்டாம், பக்கீரின் தோணி போதும் என்று டொக்டரிடமும் கேட்டு வாங்கினாள். பக்கீரிடம் மட்டும் முழுவதையும் சொன்னாள். முதலில் நாவற்குடாப் பக்கம் தோணியை விட்டு, கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தீவுக்குத் திருப்ப வேண்டும் பக்கீர் காக்கா, உங்களையும் சேர்த்துத்தான் கதைப்பார்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

“கதைக்கட்டும் சிஸ்டரம்மா. இந்தப் பல்லுப் போன கிழவன நம்பி ஒருத்தி வந்தா எண்டா எனக்குத்தானே பேர்,” என்றார் பக்கீர். சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அவள் போன நாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் நடக்கிற நேரம், சந்தைக்குச் சனம் போய் வருகிற நேரம், காலை பத்து மணி. அவளே பார்த்து வைத்த நேரம் அது. பதினாறு வருஷம் சீலை உடுக்காதவளுக்குக் கொய்யகம் மடித்து வைக்கக் கை வரவில்லை. புஸ்பம்தான் உடுத்திவிட்டாள். நீலத்தில் சிவப்புக் கரை. உடுத்தும்போதுதான் புஸ்பத்துக்கும் உண்மையைச் சொன்னாள். புஸ்பம் அழுதுகொண்டு அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். பிடிக்க விடவில்லை.

பின்பக்கமாகக் களப்புக்கு இறங்க ஒரு சின்ன வாசல் இருந்தது. அந்த வாசலால் போகச் சொல்லி மதர் கடைசியாகவும் ஒருதரம் கேட்டார். பிரகாசி முன்வாசல் கதவைத் தானே திறந்தாள். வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் யன்னலால் கண்டுவிட்டார்கள். சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு சிறுமி மட்டும் “சிஸ்டர்” என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

எதிரே கதிர்காமத்தம்பியின் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். ஒருவன் மற்றவனின் தோளில் இடித்தான். யாரென்று அவர்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. பிரகாசி வாசலில் நின்று, கட்டையாக வெட்டிய தலைமயிரும் முகமும் வடிவாகத் தெரியும்படி முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். அவர்கள் ஆற அமரப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அதன் பிறகு பக்கீரின் தோணியை நோக்கிப் படியிறங்கினாள்.