ஒரே பொருள், ரெண்டு பேர்

போன வாரம் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன், சார்!

என் மனைவி லதா இங்கே திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். டீ துவர்க்கிறதே, அதற்குக் காரணம் பாலிஃபீனால். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து வேறு பொருட்களாக மாற்றிவிடுகின்றன. யார் வயிற்றில் எது உண்டாகிறது? அதுதான் அவள் ஆராய்ச்சி. பக்கத்து மலையான பொன்முடியில் விளைந்த டீயைக் குடித்துவிட்டு சாம்பிள் கொடுத்தவர்களில் அடியேனும் ஒருவன். என்ன சாம்பிள் என்று கேட்காதீர்கள்...

இதே டீயை வைத்து, இதே முறையில், பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அவள் தோழி ஷீபாவும் செய்தாள். ரெண்டு ஊர் முடிவையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டால் — பொருந்தவே இல்லை! இங்கே எக்கச்சக்கமாக வந்த பொருள் அங்கே ஒருவருக்கும் இல்லை. அங்கே வந்தது இங்கே இல்லை.

"உங்க சாம்பிள்தான் கெட்டுப்போயிருக்கும். தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றுவிட்டார் லதாவின் மேலதிகாரி. அவள் ரெண்டு ஊர்ப் பட்டியலையும் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை. பொருந்தாத பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தவள் டக்கென்று நிறுத்தினாள்.

"ஏன்னா, இங்க வாங்கோளேன்!"

என் பேப்பரைப் பிடுங்கி, ஓரத்தில் ஒரு அறுகோணம் வரைந்தாள். அதற்கு ஒரு வால். பக்கத்தில் இன்னொன்று — அதே அறுகோணம், அதே வால்!

"இதை நான் ஹைட்ராக்ஸிஃபீனைல் புரொப்பனாயிக் ஆசிட்னு போட்டிருக்கேன். ஷீபா டைஹைட்ரோகூமாரிக்னு போட்டிருக்கா. ரெண்டும் ஒண்ணாக்கும், கேட்டேளா! கம்ப்யூட்டர் பேரை மட்டும்தான் பார்த்திருக்கு."

உடனே போன். "அய்யோ! அது தன்னே இது!" — அதேதான் இது — என்று ஸ்பீக்கரில் ஷீபா மலையாளத்தில் போட்ட சத்தம் எங்கள் ஸ்ரீவராகம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பொருந்தாத மற்றவையும் இப்படி ரெட்டைப் பெயர்கள்தான்; அவற்றையெல்லாம் ஒன்றாக்கி மறுபடி ஓட்டினார்கள். ரெண்டு ஊர் வயிறும் அப்படியே ஒத்துப்போயிற்று! லதா அழுதுகொண்டே சிரித்தாள். விஷயம் கேட்ட மேலதிகாரி பதறிப்போய், "சாம்பிளைத் தூக்கிப் போட்டுடலையே?" என்றாராம்.

ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு, எதிராளி தப்பு என்று நாம் எத்தனை தடவை சாதித்திருக்கிறோம்?

இனி இந்த மாதிரிப் பொருட்களுக்கெல்லாம் இரண்டு கூடத்திலும் ஒரே பெயர் என்று முடிவாகியிருக்கிறது. எந்தப் பெயர்? அதற்குத்தான் தினமும் போனில் உற்சாகமாகச் சண்டை.

எங்கள் பெண்ணுக்குப் பேர் வைத்தபோதுகூட வீட்டில் இத்தனை ரகளை இல்லை!